கருணைக்குக் கூலியா, கடமையில் பங்கா?

நற்செயலுக்குப் பணம் கொடுத்தால் அது நற்செயலாகவே நிலைக்குமா? இது பழைமையான கேள்வி. வழி தவறியவனுக்கு வழி காட்டியவன் உடனே கைநீட்டிக் காசு கேட்டால் நாம் முகம் சுளிக்கிறோம். ஆனால், இரவெல்லாம் கண்விழித்து நோயாளியைப் பேணும் செவிலிக்கு மாதந்தோறும் ஊதியம் தருகிறோம். அதனால் அவளுடைய பரிவு மாற்றுக் குறைந்துவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. எவ்விடத்தில் பணம் பரிவைக் கெடுக்கிறது, எவ்விடத்தில் பரிவைத் தாங்கி நிற்கிறது என்று கோடு கிழிப்பதுதான் கடினம்.

இக்கடினத்தை நேர்நின்று சந்தித்த சட்டம் ஒன்று அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இருக்கிறது. குழந்தைகளைத் தத்து எடுக்கும் குடும்பங்களுக்கு, அவர்களுள்ளும் 'சிறப்புத் தேவை' உடைய குழந்தைகளை ஏற்கும் குடும்பங்களுக்கு, அந்நாட்டு அரசு வழங்கும் வரிச் சலுகையைப் பற்றிய சட்டம் அது. வரிக் கணக்கைப் பற்றிய செய்தியாயிற்றே, இதில் அறநெறிக்கு என்ன வேலை என்று வாசகர்கள் எண்ணவேண்டா. ஒரு சமுதாயம் தன் மனத்தில் எதை மதிக்கிறது என்பதை அதன் மேடைப் பேச்சுகளைக் காட்டிலும் அதன் வரவு செலவுக் கணக்கே தெளிவாகச் சொல்லும்.

முதலில் சட்டத்தின் அமைப்பைப் பார்ப்போம். 1996-ஆம் ஆண்டு இயற்றப்பட்டு, 1997 முதல் நடைமுறைக்கு வந்த இச்சலுகை, தொடக்கத்தில் ஒரு குழந்தைக்கு 5,000 டாலர் வரையிலும், சிறப்புத் தேவையுடைய குழந்தைக்கு 6,000 டாலர் வரையிலும் இருந்தது. வருமானத்தில் ஒரு தொகையைக் கழிப்பது வேறு. கட்டவேண்டிய வரியிலேயே கழிப்பது வேறு. இது இரண்டாவது வகை. பத்தாயிரம் டாலர் வரி கட்டவேண்டிய ஒருவர் ஆறாயிரம் டாலர் சலுகை பெற்றால், எஞ்சிய நாலாயிரத்தை மட்டும் கட்டினால் போதும். 2001-இல் வந்த சட்டம் உச்சவரம்பை 10,000 டாலராக உயர்த்தியதோடு, குறிப்பிடத்தக்க மாற்றம் ஒன்றையும் செய்தது. மற்றக் குழந்தைகளைத் தத்து எடுப்போர், வழக்கறிஞர் கட்டணம், நீதிமன்றச் செலவு, பயணச் செலவு என்று தாம் செலவிட்டதைக் கணக்குக் காட்டவேண்டும். சிறப்புத் தேவையுடைய குழந்தையை ஏற்போரோ, 2003 முதல், ஒரு காசும் செலவிடாதிருந்தாலும் முழுத் தொகைக்கும் உரியவர் ஆயினர். விலைவாசியை ஒட்டி ஆண்டுதோறும் உயரும் இத்தொகை 2025-ஆம் ஆண்டுக்கு 17,280 டாலர்.

செலவு செய்யாதவருக்கும் சலுகை என்றால் அதன் பொருள் என்ன? தத்து எடுக்கும் நாளில் ஆகும் செலவன்று, அதற்குப் பின்வரும் ஆண்டுகளின் சுமையே சட்டத்தின் கண்ணில் பட்டிருக்கிறது என்று நாம் கொள்கிறோம்.

இனி, 'சிறப்புத் தேவை' என்னும் சொல்லைச் சற்றே உரைத்துப் பார்ப்போம். இச்சொல்லைக் கேட்டதும் நடக்க இயலாத பிள்ளையும், பேச இயலாத பிள்ளையும் நம் மனக்கண்முன் வருவர். சட்டம் கூறும் இலக்கணம் வேறு. அக்குழந்தை அமெரிக்கக் குடியுரிமை பெற்றதாகவோ அங்கேயே வாழ்வதாகவோ இருக்கவேண்டும். பெற்றோரின் இல்லத்திற்கு அதைத் திருப்பி அனுப்ப இயலாது, அல்லது அனுப்பலாகாது என்று மாநில அரசு முடிவு செய்திருக்கவேண்டும். உதவி அளித்தாலன்றி அதனை எவரும் தத்து எடுக்கமாட்டார் என்றும் மாநில அரசு முடிவு செய்திருக்கவேண்டும். இந்த மூன்றாவது முடிவுக்கு வரும்போது குழந்தையின் வயது, இனப் பின்னணி, உடன்பிறந்தாரோடு சேர்த்தே ஏற்கவேண்டிய நிலை, நோய், உடற்குறை, உளக்குறை ஆகியவற்றை மாநிலம் கருத்தில் கொள்ளலாம்.

இதன் விளைவு வியப்பூட்டுவது. அயல்நாட்டிலிருந்து தத்து எடுத்து வரப்பட்ட, சக்கர நாற்காலியில் வாழும் குழந்தை ஒன்று இச்சட்டத்தின் பார்வையில் 'சிறப்புத் தேவை' உடையதன்று. நல்ல உடல்நலத்தோடு ஓடியாடும் பத்து வயதுச் சிறுவன் ஒருவன், தன் தம்பி தங்கையரைப் பிரியாமல் ஓர் இல்லம் தேடுவதனாலேயே, அப்பெயருக்கு உரியவனாகக் கூடும்!

ஆகவே, இச்சொல் அளப்பது குழந்தையின் குறையை அன்று என்பது புலனாகிறது. ஏற்பாரின் தயக்கத்தையே அது அளக்கிறது. பத்து வயதாவது ஒரு குறையா? கறுத்த தோல் ஒரு நோயா? உடன்பிறந்தாரை நேசிப்பது ஊனமா? கைக்குழந்தையை விரும்பி, வளர்ந்த பிள்ளையை விட்டுச்செல்லும் மனிதரின் உள்ளத்தில் அல்லவா குறை இருக்கிறது! சட்டம் தன்னை அறியாமலேயே ஓர் ஒப்புதல் வாக்குமூலத்தை எழுதி வைத்திருக்கிறது. "எங்களுள் பலர் இக்குழந்தைகளைக் கடந்து போய்விடுகிறோம், கடந்து போகாமல் நின்றவருக்கு எங்கள் பொதுப்பணத்திலிருந்து ஒரு பங்கு தருகிறோம்" என்பதே அதன் உட்பொருள்.

இங்கே மறுப்பு ஒன்று எழும்; அதை நாம் இலேசாகத் தள்ளிவிடலாகாது. பணம் நுழைந்த இடத்தில் பரிவு வெளியேறும் என்பர் சிலர். ஆங்கிலச் சமூக அறிஞர் ரிச்சர்டு டிட்மஸ், 1970-இல் வெளியிட்ட தமது நூலில், குருதிக் கொடைக்கு விலை வைத்தால் கொடை உணர்வும் தேயும், கிடைக்கும் குருதியின் தரமும் தாழும் என்று வாதிட்டார். குருதிக்குப் பொருந்துவது குழந்தைக்குப் பொருந்தாதா?

வேறுபாடு இருக்கிறது என்பது நம் கருத்து. குருதியை விற்றவன் கொடுத்த நொடியில் விடுதலை பெறுகிறான். தத்து எடுத்தவருக்கோ அந்நொடியில்தான் வேலை தொடங்குகிறது. தத்து எடுத்தல் நீதிமன்றத்தில் முடிவுற்ற பிறகே சிறப்புத் தேவைக்கான சலுகையைக் கோர முடியும். அதுவும் ஒரு குழந்தைக்கு ஒரே ஒரு தொகை. மருத்துவரிடமும், பயிற்சியாளரிடமும், பள்ளியிடமும் பதினைந்து ஆண்டுகள் நடக்கும் நடைக்கு முன்னால் அது எம்மாத்திரம்? இதனை இலாபம் என்று எண்ணி வருபவன் கணக்குத் தெரியாதவன். அப்படியும் ஒருவன் தீய எண்ணத்தோடு வரக்கூடுமே என்றால், அவனைத் தடுக்கவேண்டியது வீட்டை ஆராயும் அதிகாரியின் கடமை. நிய்யத்தை நிறுக்கும் தராசு எந்த வரி அலுவலகத்திலும் இல்லை. அது அல்லாஹ்விடம் இருக்கிறது.

இதைவிடக் கூர்மையான மறுப்பு குழந்தையின் பக்கத்திலிருந்து வருகிறது. 'உதவி கொடுத்தாலன்றி இவனை எவரும் ஏற்கார்' என்று எழுதிய தாளை வளர்ந்த பின் அவனே படித்தால் அவன் நெஞ்சம் என்ன பாடுபடும்? உதவிக்கு முன்நிபந்தனையாக ஒரு முத்திரை குத்தவேண்டியிருப்பது இச்சட்டத்தின் துயரம். இதற்குச் சட்டத்தில் மருந்து இல்லை, வீட்டில்தான் இருக்கிறது. "உன்னை ஏற்பதற்காக எங்களுக்குக் கொடுத்த பணமன்று இது, உனக்கு இந்நாடு பட்டிருந்த கடன்" என்று அப்பிள்ளைக்கு விளங்கவைப்பது பெற்றோரின் பொறுப்பு. அவ்வாறு சொல்ல முடிகின்ற வகையில் அந்த உதவி அமையவேண்டும் என்பது அரசின் பொறுப்பு.

இவ்விடத்தில்தான் சட்டம் சறுக்குகிறது. வரியில் கழிப்பது என்றால், வரி கட்டுபவருக்கே அதன் பயன். 2024-இல் உச்சத் தொகை 16,810 டாலர். கொழுத்த சம்பளம் பெற்று, அவ்வளவு வரியும் கட்டும் குடும்பத்துக்கு அது ஒரே ஆண்டில் முழுமையாகக் கிடைத்துவிடும். ஆண்டுக்கு 1,000 டாலரே வரி கட்டும் எளிய குடும்பம் என்ன செய்யும்? மிச்சத்தை அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம் என்கிறது சட்டம். ஆறு ஆண்டுகளிலும் சேர்த்து 6,000 டாலர் தேறும். எஞ்சிய 10,810 டாலர் காற்றோடு போகும். வரியே கட்டத் தேவையில்லாத ஏழைக் குடும்பத்துக்கு ஒன்றும் இல்லை. குழந்தை ஒன்றே, நோய் ஒன்றே, கண்விழிப்பு ஒன்றே. உதவி மட்டும் வேறு!

இக்குறையை அந்நாட்டவர் உணராமல் இல்லை. 2010, 2011 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மட்டும், வரி கட்டாதவருக்கும் முழுத் தொகையையும் கையில் கொடுத்தனர், பின்பு நிறுத்திவிட்டனர். 2025-இல் வந்த சட்டம் 5,000 டாலர் வரையில் அவ்வாறு கொடுக்க வழி செய்திருக்கிறது. எஞ்சிய தொகைக்குப் பழைய முறையே. 1980-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாக இத்தகைய குழந்தைகள் பலருக்கு மாதாந்தர உதவியும் மருத்துவ வசதியும் கிடைத்துவருகின்றன என்பதையும் நேர்மையோடு சொல்லவேண்டும். ஆயினும், சுமையில் பங்கு கொள்வதே நோக்கமானால், சுமை யாருக்கு மிகுதியாக அழுத்துகிறதோ அவருக்கே பங்கு மிகவேண்டும். இந்த அளவுகோலில் இச்சலுகை பாதி வழியில் நிற்கிறது.

முஸ்லிம்களாகிய நமக்கு இதில் இன்னொரு சிந்தனையும் உண்டு. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களால் மகனாக வளர்க்கப்பட்ட ஸைத் (ரலி) அவர்கள், இறைக்கட்டளைக்குப் பின் தம் தந்தை ஹாரிஸாவின் பெயராலேயே அழைக்கப்பட்ட வரலாறு நாம் அறிந்தது. பெயர் மாறியதால் பாசம் மாறவில்லை. வம்சத்தை மறைக்காமல், குழந்தையைப் பொறுப்பேற்று வளர்க்கும் 'கஃபாலா' என்னும் முறையே நம் ஷரீஅத் காட்டும் வழி. 1989-இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற குழந்தைகள் உரிமை உடன்படிக்கையும் இதனைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. அமெரிக்க வரிச் சலுகையோ சட்டப்படி முடிவுற்ற தத்துக்கு மட்டுமே உரியது. பாதுகாவலராக மட்டும் நின்று வளர்ப்பவருக்கு அது கிடையாது. உறவுப் பிள்ளைகளுக்குப் பாதுகாவலராக இருப்போர்க்கு மாநிலங்கள் மாத உதவி வழங்க 2008-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடம் தந்தது. வரிச் சலுகை அவ்வளவு தூரம் வரவில்லை. வளர்க்கும் கையைப் பார்த்து உதவுவதா, பத்திரத்தில் உள்ள பெயரைப் பார்த்து உதவுவதா என்ற கேள்வியை நாம் எழுப்புவதில் நியாயம் இருக்கிறது.

முடிவாக ஒன்று. கைவிடப்பட்ட பிள்ளையையோ ஊனமுற்ற பிள்ளையையோ எடுத்து வளர்ப்பவரை நாம் பெரிதும் புகழ்கிறோம். "சுவனவாசி" என்கிறோம், "உங்களுக்கு ஈடு யார்" என்கிறோம். புகழ்ந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறோம். மருந்துச் சீட்டோடு அவர் தனியே நிற்கிறார். அவரை வானளாவ உயர்த்துவது, அவருடைய சுமையைத் தொடாமல் இருப்பதற்கு நாம் கண்டுபிடித்த எளிய வழியாகவும் இருக்கலாம் அல்லவா? கடல்கடந்த ஒரு நாட்டின் சட்டம், தன் குறைகளோடும், ஓர் உண்மையை எழுத்தில் வைத்திருக்கிறது: அந்தக் குழந்தை ஏற்றவருடைய பொறுப்பு மட்டுமன்று, ஏற்காத எல்லாருடைய பொறுப்புமாகும். நம் மஹல்லாவில் அத்தகைய வீடு ஒன்று இருக்குமானால், அடுத்த முறை அதன் வாசலில் நின்று புகழ்மொழி கூறுமுன், இம்மாத மருந்துச் செலவு எவ்வளவு என்று கேட்போமாக.