இரும்பில் எழுதிய பொய்

1969 ஷெவர்லே கமாரோ ஒன்றின் பானெட்டைத் திறந்து, இன்ஜினின் முன்புறம் வலப்பக்க சிலிண்டர் ஹெட்டை ஒட்டிப் பார்த்தால், இரண்டு விரல் அகலத்தில் தட்டையான இடம் ஒன்று தெரியும். எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தால் அதில் ஒரு ‘வி’, நான்கு இலக்கங்கள், கடைசியில் ‘டி இசட்’ என்று பொறித்திருக்கலாம். ஃபிளின்ட் நகரத் தொழிற்சாலையில் இன்ன மாதம் இன்ன தேதியில் கோத்த இன்ஜின் என்பது முன்பாதி. 302 கன அங்குல அளவில், இசட் 28 என்ற பந்தய ரகத்துக்கென்றே செய்தது என்பது கடைசி இரண்டு எழுத்து. காரின் அடையாள எண்ணின் பின்பகுதியும் அங்கேயோ, ஆயில் ஃபில்டருக்கு அருகிலோ இருக்கும். இவையெல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போனால் பழைய கார் வியாபாரத்தில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்பார்கள். விளம்பரத்தில் அந்த இரண்டு சொல் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் வேறு விலை.

இந்தச் சிறிய தளத்தின் மேல் இவ்வளவு பாரம் ஏறியதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டுகளின் கமாரோவில் கார் எண்ணைப் படித்தால் எட்டு சிலிண்டர் கார் என்று தெரியும், எந்தத் தொழிற்சாலை என்று தெரியும். இசட் 28-ஆ, சாதாரண ரகமா என்பது தெரியாது. கிரைஸ்லர் கார்களில் இந்தச் சிக்கல் குறைவு. உதாரணமாக, 1970 மாடல்களின் அடையாள எண்ணில் ஐந்தாவது இடத்தில் ‘ஆர்’ என்று இருந்தால் 426 ஹெமி இன்ஜினோடு பிறந்த கார். போன்டியாக் காருக்குப் பழைய விலைப்பட்டியலின் நகலைக் கேட்டு வாங்கலாம். ஃபோர்டுக்கு, 1967 முதலான உற்பத்திப் பதிவுகளிலிருந்து ‘மார்ட்டி ரிப்போர்ட்’ கிடைக்கிறது. அமெரிக்காவில் விற்ற ஷெவர்லேக்கு அப்படி முழுமையான ஏடு இல்லை. நம் ஊர் ஆர்.சி. புத்தகத்தில் சேசிஸ் எண்ணோடு இன்ஜின் எண்ணும் ஏறிவிடும். அங்கே உரிமைப் பத்திரத்தில் பொதுவாகக் கார் எண் மட்டும்தான். ஆக, பல கார்களுக்கு அந்த இரும்புத் தளமே முதல் சாட்சி, சில கார்களுக்கு ஒரே சாட்சி.

அந்தச் சாட்சியைத் தயாரிக்கவும் முடியும். வேறொரு காரிலிருந்து அதே வார்ப்பு எண் கொண்ட பிளாக் ஒன்றைத் தேடிப்பிடித்து, பழைய எண்ணை இழைத்து அழித்து, வேண்டிய எண்ணைப் பொறித்துவிட்டால் போதும். இதற்கு ‘ரீஸ்டாம்ப்’ என்று பெயர். செய்வது தவறா? பழைய கார்க்காரர்கள் நடுவே இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது.

தவறில்லை என்பவர்களின் வாதத்தை லேசாகத் தள்ளிவிட முடியாது. இந்தக் கார்கள் கண்ணாடிப் பேழைக்காகச் செய்தவை அல்ல. வாங்கியவர்கள் சிவப்பு விளக்கில் நின்று பச்சைக்குச் சீறினார்கள், வார இறுதியில் கால் மைல் பந்தயத்துக்கு ஓட்டிப்போனார்கள், இன்ஜினை உடைத்தார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அவை வெறும் பெட்ரோல் குடிக்கும் பழைய கார்கள். கிடைத்த இன்ஜினைப் போட்டு ஓட்டினால் போதும் என்றிருந்தது. அப்படி இன்ஜினை இழந்த காரை இன்று புதுப்பிப்பவர் இருக்கை உறையைப் புதிதாகப் போடுகிறார், பெயின்ட் அடிக்கிறார், துருப்பிடித்த தரைத்தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகடு வைத்து வெல்டிங் செய்கிறார். யாரும் பொய் என்று சொல்வதில்லை. தொழிற்சாலையை விட்டு வந்தபோது எப்படி இருந்ததோ அப்படி ஆக்குவதுதான் புதுப்பித்தல் என்றால், தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அந்த எண்ணும் அங்கே இருந்ததே என்கிறார்கள்.

பெயின்டையும் எண்ணையும் ஒரே வரிசையில் வைக்கும் இடத்தில் இந்த வாதம் சறுக்குகிறது. பெயின்ட் காருக்கு அழகு. அது தன்னைப் பற்றி எதையும் உறுதி சொல்வதில்லை. எண்ணோ ‘இந்த இன்ஜின் இந்தக் காரோடு பிறந்தது’ என்று சொல்வதற்காகவே பொறிக்கப்பட்டது. வேறு வேலை எதுவும் அதற்கு இல்லை. இருக்கையை மாற்றியவர் ஒரு பொருளை மாற்றினார். எண்ணை மாற்றியவர் நடக்காத ஒன்றை நடந்ததாக எழுதி, கீழே தொழிற்சாலையின் கையெழுத்தையும் போட்டுவிட்டார்.

பாகங்கள் மாறியதாலேயே ஒரு கார் போலியாகிவிடாது. 1929-லும் 1930-லும் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை வென்ற பென்ட்லி, ‘ஓல்ட் நம்பர் ஒன்’. அதை ஒரு கோடி பவுண்டுக்கு வாங்க ஒப்புக்கொண்ட நிறுவனம், அசல் பாகம் ஏதும் பெரிதாக மிச்சமில்லை என்று பின்வாங்கியது. 1990-இல் வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. சட்டகமும் இன்ஜினும் உடலும் காலப்போக்கில் மாறியிருந்தாலும், அறுபடாத ஒரே வரலாற்றோடு வந்த கார் அது, அந்தப் பெயருக்கு வேறு உரிமையாளரும் இல்லை என்று நீதிபதி விற்றவர் பக்கம் தீர்ப்புச் சொன்னார். ஒவ்வொரு மாற்றமும் நடந்த கதையாகவே சொல்லப்பட்டதால்தான் அந்தக் காரின் பெயர் நிலைத்தது. நடந்ததை மறைக்கும் ரீஸ்டாம்ப்காரர் இந்தத் தீர்ப்பைத் தனக்குத் துணைக்கு அழைக்க முடியாது.

எண்ணை மறுபடி எழுதியே தீர வேண்டுமென்றால் நேர்மையாக எழுதவும் வழி இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில் செம்பியன் மாதேவி பழைய கோயில்களைக் கற்றளிகளாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளின் வாசகத்தைப் புதிய சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். திருக்கோடிக்காவலில் அப்படி வெட்டியவற்றோடு, இது பழைய கல்லின் படி என்ற குறிப்பும் சேர்ந்தே இருக்கிறது. ஆயிரம் ஆண்டு கழித்துப் படிக்க வருபவர் ஏமாறுவதில்லை. குறிப்பு வேறொரு ஓலையில் இல்லாமல் அதே கல்லில் இருப்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. ‘வாங்குபவரிடம் சொல்லிவிட்டுத்தான் விற்பேன்’ என்று எண்ணைப் பொறிக்கும் கார் உரிமையாளர் பொய்யர் அல்ல. ஆனால் அவர் சொன்னது காற்றோடு போகும், எழுதிக் கொடுத்த தாள் மூன்றாவது கைமாற்றத்தில் தொலையும். எண் மட்டும் இரும்போடு பயணம் செய்யும், யாரும் கேட்காமலேயே பேசிக்கொண்டிருக்கும்.

இதில் வேதனையான பகுதி ஒன்று உண்டு. அந்த நாளில் ஐந்தாண்டு அல்லது 50,000 மைல் வாரன்டிக்குள் இன்ஜின் உடைந்தால் ஷெவர்லே மாற்று பிளாக் கொடுத்தது. அவற்றில் ‘சி இ’ என்ற எழுத்துகளும் பக்கத்தில் ஒரு வரிசை எண்ணும் பொறித்திருக்கும். நான் மாற்றாக வந்தவன் என்று அந்த இன்ஜினே ஒப்புக்கொள்கிறது. முதல் உரிமையாளர் எத்தனை முரட்டுத்தனமாக ஓட்டினார் என்பதற்கு அதைவிட நல்ல ஆவணம் வேண்டுமா? ஆனால் சந்தை அதற்கு முழு மரியாதை தருவதில்லை என்பதால், அந்த ‘சி இ’-யை இழைத்துவிட்டு ‘பிறந்த’ எண்ணைப் போடுகிறவர்கள் உண்டு. உண்மையான வரலாற்றை அழித்து அந்த இடத்தில் பொய்யான வரலாற்றை வைத்துவிட்டு, அதையும் புதுப்பித்தல் என்கிறார்கள்.

இந்தப் பொய்யால் நஷ்டப்படுபவர் வாங்கியவர் மட்டும் என்று நினைக்க வேண்டாம். தொழிற்சாலையில் பொறித்தவர்கள் அவசரத்தில் அடித்தார்கள். சில எண்கள் கோணலாகவும் சில மங்கலாகவும் விழுந்தன. பின்னாளில் மெக்கானிக் ஒருவர் நல்ல எண்ணத்தோடு பிளாக்கின் மேற்பரப்பை இழைத்துச் சமன்செய்தபோது எண்ணும் சேர்ந்து போனதுண்டு. போலிகள் பெருகப் பெருக, கோணலாக எண் விழுந்த யோக்கியமான கார்தான் முதலில் சந்தேகக் கூண்டில் ஏறுகிறது.

சரிபார்ப்பவர்கள் எண்ணை மட்டும் படிப்பதில்லை, அது உட்கார்ந்திருக்கும் பரப்பையும் படிக்கிறார்கள். தொழிற்சாலையில் புரோச்சிங் இயந்திரம் பிளாக்கின் மேல்தளத்தை ஒரே இழுப்பில் சீவியதால், முன்னிருந்து பின்னாக நேரான மெல்லிய கீறல்கள் விழுந்தன. பிற்காலப் பட்டறை இழைப்பு பெரும்பாலும் வட்டக் கீறல் விடும். லென்ஸை வைத்துச் சாய்ந்த வெளிச்சத்தில் பார்த்தால் தெரியும். பிளாக்கின் பின்புறம் வார்ப்புத் தேதி இருக்கும்: மாதத்துக்கு ஓர் எழுத்து, பிறகு நாள், ஆண்டின் கடைசி இலக்கம். கார் கட்டி முடித்த பிறகு வார்த்த பிளாக் அந்தக் காரோடு பிறந்திருக்க முடியாது.

இவற்றை வெளியே சொல்லலாமா என்பதே ஒரு தர்மசங்கடம். நேர்க்கீறல்தான் அடையாளம் என்று எல்லாருக்கும் தெரிந்ததும் நேர்க்கீறல் போட்டுத்தரும் பட்டறைகள் வந்துவிட்டன. அதனால் சில நிபுணர்கள் தங்களுக்குத் தெரிந்த அடையாளங்களை வாய்விட்டுச் சொல்வதில்லை. அவர்கள் கவலை நியாயமானதுதான். ஆனாலும் காரணம் சொல்லாமல் ‘இது போலி’ என்று தீர்ப்பு மட்டும் தருபவரை யார் சரிபார்ப்பது? அவரே நாளைக்கு அதே காரை வாங்க வரலாம். ரகசியம் போலிகளைக் கொஞ்சம் தாமதப்படுத்துகிறது. திறந்த அறிவு சாதாரண வாங்குபவருக்கும் கண் கொடுக்கிறது. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டுமென்றால் திறந்த அறிவே மேல்.

சட்டத்திடம் விட்டுவிடலாம் என்றால் அதன் கை முரடு. காரின் அடையாள எண் தகட்டைப் பெயர்ப்பதும் மாற்றுவதும் அமெரிக்காவில் குற்றம். துருவில் கரைந்த காரின் தகட்டை வேறொரு உடலில் ஒட்டி விற்பவர்களுக்கு அந்தச் சட்டம் தேவைதான். ஆனால் கன்சாஸ் மாநிலத்தில் ஒருவர் வாங்கிய 1959 கார்வெட்டில், முன்பு யாரோ புதுப்பிக்கும்போது தகட்டைக் கழற்றி மாட்டியிருந்தார்கள் என்பதற்காகப் போலீஸ் காரைப் பறிமுதல் செய்தது. காரை நசுக்கிவிடும் அபாயம் வரை போனது. ஏமாற்றும் நோக்கமில்லாத பழுதுபார்ப்புக்கு இடம் தந்து 2022-இல் அந்த மாநிலம் சட்டத்தைத் திருத்திய பிறகே நிலைமை மாறியது.

கடைசியாக, யாரும் பேச விரும்பாத ஓர் ஆள்: பெருந்தொகை கொடுத்து வாங்கி, சில ஆண்டு கழித்துத் தன் இன்ஜின் எண் ரீஸ்டாம்ப் என்று கண்டுகொள்பவர். அவர் குற்றம் செய்யவில்லை. தனக்குச் சொன்னதை அப்படியே அடுத்தவருக்குச் சொன்னாலே பணம் திரும்பி வந்துவிடும். விற்பனைத் தாளில் ‘மேட்சிங் நம்பர்ஸ்’ என்று எழுத்தில் இருந்தால் தனக்கு விற்றவர்மேல் வழக்குப் போடலாம். இல்லையென்றால் நஷ்டம் அவருடையது. இது அநியாயம்தான். ஆனால் சந்தேகமாக இருந்தவரைதான் அவர் ஏமாந்தவர். லென்ஸில் வட்டக் கீறலைப் பார்த்த அன்றிலிருந்து, வாய் திறக்காமல் விற்றால், ஏமாற்றுபவர் அவரே. அவர் தன் காரின் விளம்பரத்தில் ‘மறுபொறிப்பு’ என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும், விலையைக் குறைக்க வேண்டும்.