குறுக்குக்கோடு சொல்ல வேண்டியது

பேத்தி பாடிய வீடியோவைப் பார்க்க அப்பா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துக் கூப்பிட்டார்: “ஸ்பீக்கர் போயிடுச்சு போலிருக்குப்பா.” ஸ்பீக்கருக்கு ஒன்றுமில்லை. திரையின் கீழ்மூலையில், ஒலிச் சின்னத்தின் ஓரத்தில் எறும்பளவு ஒரு பெருக்கல் குறி. ம்யூட் ஆகியிருந்தது. எழுபது வயதுக் கண்ணுக்கு அது தெரியவில்லை. அந்தக் குறை அவர் கண்ணுடையது அல்ல, வரைந்தவருடையது.

இத்தகைய சின்னம் வழக்கமாக 16-க்கு 16 கட்டத்துக்குள் அடங்க வேண்டும். மொத்தமே 256 பிக்சல். இடப்பக்கம் ஒலிபெருக்கி; வலப்பக்கம் சத்தத்தின் அளவைக் காட்டும் வளைவுகள். மூன்று வளைவும் அவற்றின் இடைவெளியும் சேர்ந்தாலே ஆறு பிக்சல் அகலம் போய்விடும். 1984-இல் வெளிவந்த மேக்கின்டாஷுக்குச் சின்னங்கள் வரைந்த சூசன் கேர், கட்டம் போட்ட தாளில் 32-க்கு 32 கட்டங்களை ஒவ்வொன்றாக நிரப்பிப் பார்த்துத்தான் தொடங்கினார். அந்தப் பொறுமை இன்றும் தேவை.

ம்யூட்டைக் காட்ட, பெருக்கல் குறிக்குப் பதிலாகச் சின்னத்தின் மேல் ஒரு குறுக்குக்கோடு போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். கோட்டை அப்படியே இழுத்தால் ஒலிபெருக்கியோடு ஒட்டிக்கொள்ளும். பக்கத்திலேயே ஒரு பிக்சல் அகலத்துக்கு வெற்றிடம் விட்டால்தான் வெட்டியது துலங்கும். சிவப்பாக்கினால் மட்டும் போதாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்கள் உண்டு. சத்தத்தை அடியோடு குறைப்பதும் ம்யூட் செய்வதும் ஒன்றல்ல. ம்யூட்டை எடுத்தால் பழைய அளவு திரும்பி வரும். ஆகவே இரண்டுக்கும் தனித்தனி உருவம் வேண்டும்.

இன்னொரு கேள்வி எல்லாவற்றையும்விடப் பெரியது. அந்தக் கோடு “இப்போது சத்தம் இல்லை” என்கிறதா, “அழுத்தினால் சத்தம் போய்விடும்” என்கிறதா? வரைந்தவருக்கு விடை தெரியும். பார்க்கிறவர் தடுமாறுவார். மூலையில் நிற்கும் சின்னம் இப்போதுள்ள நிலையைத்தான் சொல்ல வேண்டும்.

நாம் எழுதும் மருந்துக் குறிப்பும், கதவில் ஒட்டும் அறிவிப்பும், வீட்டுக்கு வரச் சொல்லும் வழியும் இப்படித்தான். பொருள் நமக்கு முன்பே தெரிந்திருப்பதால் தெளிவாக எழுதிவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

அப்பாவின் கம்ப்யூட்டரில் ம்யூட்டை எடுத்துவிட்டு, திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்தேன். பேத்தியின் பாட்டை இரண்டு முறை கேட்டார்.

இன்று: பிறருக்காக நீங்கள் எழுதும் ஒரு குறிப்பை நான்கடி தள்ளி நின்று, ஒன்றுமே தெரியாதவராகப் படித்துப் பாருங்கள். புரியாத இடத்தைத் திருத்திவிட்டுக் கொடுங்கள்.