அரச தம்மம்: ஈதலும் சேர்த்தலும்



தீக நிகாயத்தின் சக்கவத்தி சீகநாத சுத்தத்திலே பகவன் புத்தர் ஓர் அரசனின் வரலாற்றை அருளினார். அவன் கொடுங்கோலன் அல்லன். அமைச்சரைக் கூட்டி அறம் வினவினான். குடிகளுக்குக் காவலும் அமைத்தான். ஆயினும் ஒன்றைச் செய்யாது விட்டான். வறியோர்க்குப் பொருள் வழங்கினானில்லை. அவ்வொரு குறையினின்று வறுமை பெருகிற்று. வறுமையினின்று களவு பிறந்தது. அகப்பட்ட முதற் கள்வனுக்கு அரசன் இரங்கிப் பொருள் கொடுத்தான். களவாடினால் பொருள் கிடைக்கும் என்று பிறரும் களவாடினர். பின்னர் அரசன் வாளெடுத்தான். அதைக் கண்டு குடிகளும் வாளெடுத்தனர். கொலையும் பொய்யும் மலிந்தன. மாந்தரின் ஆயுளும் குன்றிற்று.

இவ்வரசன் கொடாதவனும் அல்லன். காலம் தவறிக் கொடுத்தவன். எல்லோர்க்கும் முறையாகச் சேரவேண்டியதை, குற்றம் நிகழ்ந்த பின் ஒருவனுக்குச் சலுகையாக ஈந்தான். ஆகவே அவ்வீகை நோய்க்கு மருந்தாகவில்லை.

கூடதந்த சுத்தம் இதன் மறுபுறத்தைக் காட்டுகின்றது. பெருவேள்வி செய்ய விரும்பிய மகாவிசித மன்னனை அவன் புரோகிதர் தடுத்தார். நாட்டிலே கள்வர் மலிந்திருக்க வரி விதித்தல் தகாது. சிறையாலும் கொலையாலும் களவு ஒழியாது. உழவர்க்கு விதையும், கால்நடை வளர்ப்போர்க்குத் தீவனமும், வணிகர்க்கு முதலும், அரசுப் பணியாளர்க்கு உணவும் ஊதியமும் தருக என்றார். மன்னன் அவ்வாறே செய்தான், நாடு அமைதியுற்றது. நம் மணிமேகலை காவியமும் இந்நெறியையே போற்றுகின்றது. அரசனிடம் வரம் கேட்கும் வாய்ப்புப் பெற்ற மணிமேகலை, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குமாறு வேண்டினாள் அன்றோ?

செல்வர் இரங்கி ஈவது தானம். அரசு குடிகளுக்கு வழங்குவதோ தானமன்று, கடன். பாபாசாகேப் டாக்டர் அம்பேத்கர் 1949 நவம்பர் 25ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் இதனையே எச்சரித்தார். அரசியலில் சமத்துவமும், சமூக, பொருளாதார வாழ்வில் ஏற்றத்தாழ்வும் நெடுங்காலம் ஒருங்கே நில்லா என்பது அவர் கருத்து.

கடன் என உணர்ந்தாலும், கடமை முடிவுறுவது எவ்விடத்தில்? 2001ஆம் ஆண்டு இராசத்தானத்திலே வறட்சியால் மக்கள் பசித்திருக்க, இந்திய உணவுக் கழகத்தின் கிடங்குகளில் தானியம் குவிந்து கிடந்தது. அதனை எதிர்த்து உச்ச நீதிமன்றத்திலே வழக்குத் தொடுக்கப்பட்டது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் பயிலும் தொடக்க வகுப்புக் குழந்தைகளுக்குச் சமைத்த உணவு வழங்க வேண்டுமென அவ்வாண்டு நவம்பர் 28இல் நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. முன்னுரிமைக் குடும்பத்தில் ஒருவருக்கு மாதம் 5 கிலோ, அந்தியோதயக் குடும்பத்துக்கு 35 கிலோ தானியம் என்பது சட்டம் வகுத்த உரிமையாயிற்று.

ஆயினும் கிடங்கிற்கும் அடுப்பிற்கும் இடையே ஒரு பட்டியல் நிற்கின்றது. அதிலே பெயர் இல்லாதவர்க்கு நிறைந்த கிடங்கும் வெற்றிடமே. சுமை தூக்கியும் கல் உடைத்தும் ரேகை தேய்ந்த விரலைக் கடையிலுள்ள இயந்திரம் ஏற்க மறுக்கின்றது. பிழைப்பிற்காக வேற்று மாநிலம் சென்ற கூலியாளின் அட்டை சொந்த ஊரிலே கிடக்கின்றது. கணவனை இழந்தவளின் பெயர் புதிய அட்டையில் ஏறாது நிற்கின்றது.

பட்டியலின் வலிமையை நம்மினும் நன்கறிந்தவர் யார்? 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவரின் ஆணை, இந்து சமயத்தவர் அல்லாதாரை அட்டவணைச் சாதியினராகக் கொள்ளவில்லை. 1956இல் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். அதே ஆண்டு அக்டோபர் 14இல் நாகபுரியிலே பாபாசாகேப் தம்மம் ஏற்றார். இலட்சக்கணக்கானோர் அவரைப் பின்பற்றினர். அவர்தம் வறுமையும், அவர்மேல் சுமத்தப்பட்ட தீண்டாமையும் அன்றே மறைந்துவிட்டனவா? இல்லை. ஆயினும் பௌத்தர் அப்பட்டியலில் இடம்பெற 1990 வரை, 34 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. விடுபடுதல் என்பது நாம் நூலிலே படித்தறிந்த துன்பமன்று.

அசோக மன்னர் இக்குறையை நன்குணர்ந்திருந்தார். கலிங்கத்திலே தௌலியிலும் சௌகடாவிலும் அவர் பொறித்த தனிச் சாசனம் அதிகாரிகளை நோக்கிப் பேசுகின்றது. பொறாமை, சினம், கொடுமை, அவசரம், சோம்பல், களைப்பு ஆகியவற்றால் அதிகாரி நீதி தவறுகின்றான் என எடுத்துரைக்கின்றது. அச்சாசனத்தைத் திஷ்ய நாட்களில் படித்துக்காட்ட வேண்டும்; இடையிலும் தக்க காலங்களில் ஒருவர் மட்டும் இருப்பினும் அவர் கேட்குமாறு படிக்க வேண்டும் என்பதும் அவர் கட்டளை. அதிகாரியின் கடமை இன்னதென்பதைக் குடிமகனும் அறிந்திருத்தலே அதன் பயன்.

இன்றைய சட்டத்திலும் அவ்வாயில் திறந்தே உள்ளது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி தகுதியுள்ள குடும்பங்களின் பட்டியல் பொதுமக்கள் காணுமாறு வைக்கப்பட வேண்டும்; சமூகத் தணிக்கை நடைபெற வேண்டும்; முறையீட்டிற்கு மாவட்டக் குறைதீர்ப்பு அலுவலரும் மாநில உணவு ஆணையமும் உண்டு. 2005ஆம் ஆண்டுத் தகவல் உரிமைச் சட்டமும் வினவும் உரிமையைத் தந்துள்ளது. ஆனால் எழுத்தறியாத மூதாட்டி எவ்வாறு தனியே சென்று வினவுவாள்?

ஆதலின், அன்பர்களே, பௌர்ணமி நாளில் பஞ்சசீலம் ஏற்ற பின் ஒரு நாழிகை ஒதுக்குங்கள். நம் தெருவிலே எவர் பெயர் விடுபட்டது, எக்குழந்தைக்கு உணவு சேரவில்லை, எம்முதியவரின் உதவித்தொகை நின்றது என்று கேளுங்கள். அவர் பௌத்தரா என்று கேளாதீர்கள். விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர் எழுதுக. அலுவலகம் அறிந்தவர் உடன் செல்லுக. மறுமொழி வரும்வரை சோர்வின்றித் தொடர்க. கையூட்டுக் கொடுத்து நம் காரியத்தை மட்டும் முடித்துக்கொள்வது, பின்னால் நிற்கும் வறியவரின் வாயிலை அடைப்பதாகும். கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்திற்கு அது மாறானது.

வாக்களித்து ஆட்சியை அமைப்போர் நாம்; ஆகவே சுத்தம் கூறிய அந்த அரசனின் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு. ஈதலை அரசு செய்க. அது கடைசி வீட்டிற்குச் சேரும்வரை உறங்காதிருத்தலை நாம் செய்வோமாக.

எல்லோர்க்கும் நலம் உண்டாகுக! நமோ புத்தாய!