திரைக்கடலும் மாயையும்

கணினியில் செய்த கடல் மெய்க்கடலாகவே தெரியும்போது, நாம் வாழும் உலகமும் எவரோ ஓட்டும் கணக்காக இருக்கலாமே என்ற கேள்வி எழுகிறது. 2003-இல் தத்துவ அறிஞர் நிக் பாஸ்ட்ரம் இதை ஒரு வாதமாகவே எழுதினார். உலகம் வெறும் தோற்றம் என்போர் இதைப் புதுச் சான்றாகக் கொள்கிறார்கள். ஆனால் அந்தக் கடலைச் செய்யும் விதத்தைப் பார்த்தால், சான்று எதிர்க்கட்சிக்கே சாதகம். ‘டைட்டானிக்’ போன்ற படங்களுக்குக் கைகொடுத்த, ஜெர்ரி டெசன்டார்ஃப் விளக்கிய முறையில், எண்ணற்ற சிற்றலைகளைக் கூட்டிக் கடலாக்குகிறார்கள். ஆழ்கடலில் நீண்ட அலை முந்தும், குட்டை அலை பிந்தும். அது புவியீர்ப்பின் விதி. எந்தக் காற்றுக்கு எந்த அலை எவ்வளவு உயரும் என்பது கடலியலாளர்கள் மெய்க்கடலை ஆராய்ந்து கண்டது. குலுக்கிப் போட்ட எண்கள் அலைகளுக்கு ஒழுங்கின்மை தருகின்றன. பிறகு பரப்பின் புள்ளிகளை முகட்டை நோக்கி நெருக்குகிறார்கள், முகடு கூர்மையாகிறது, நெருக்கல் மிஞ்சினால் பரப்பு தன்மேலேயே மடிகிறது, அந்த மடிப்பில் நுரையை வைக்கிறார்கள். இதில் எதுவும் சூனியத்திலிருந்து வரவில்லை.

அந்த எதிர்க்கட்சி சைவ சித்தாந்தம். திருவாலங்காட்டு இரத்தின சபையில் இறைவன் ஊர்த்துவ தாண்டவம் ஆடுகிறான். அவன் ஆட்டத்தை ஐந்தொழில் என்கிறது அது. அத்தொழிலுக்கு இடமான மாயை சித்தாந்தத்துக்குப் பொய்யன்று, உலகின் முதற்காரணமான உள்பொருள். குடத்துக்கு மண் முதற்காரணம், சக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம். திரைக்கடலில் மண்ணின் இடத்தில் மெய்க்கடலின் விதியும் அளவும், சக்கரத்தின் இடத்தில் கணினி, குயவனின் இடத்தில் கலைஞர். இல்லாததிலிருந்து எதுவும் தோன்றாது என்ற சற்காரியவாதத்துக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் இக்காலத்தில் கிடைப்பது அரிது.

அப்படிக் கணினியில் ஓடும் உலகின் உள்ளே இருப்பவருக்கு வேறுபாடு தெரியாதே என்பார்கள். அவருக்குத் தெரியாததால் கணினியும் கலைஞரும் இல்லாமல் போய்விடமாட்டார்கள். எத்தனை படி ஏறினாலும் ஏதோ ஓர் உள்பொருளில்தான் வாதம் நிற்க முடியும். அலை வெறும் நாமரூபம், நீரே உண்மை என்ற அத்வைதத் தடை இன்னும் கனமானது. எனினும் ஆழ்கடலில் நீர் ஏறக்குறைய அதே இடத்தில் வட்டமிட, அலை ஆற்றலைச் சுமந்து கடக்கிறது. அந்த வடிவத்துக்குச் செயல் உண்டு. ‘தசாவதாரம்’ (2008) படத்தின் முடிவில் எழும் ஆழிப்பேரலை யாரையும் நனைக்கவில்லை. 2004 டிசம்பர் 26 அன்று வந்த அலை நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோரைக் கொன்றது. அத்வைதம்கூடக் கனவையும் விழிப்பையும் ஒரே தட்டில் வைப்பதில்லை; விழிப்புலகை வியாவகாரிகம் என்று தனியே நிறுத்துகிறது. அந்த நிதானம்கூட இல்லாமல் எல்லாமே சிமுலேஷன் என்று பேசுவது, இறந்தவர்களுக்குச் செய்யும் அநீதி. சைவரும் வேதாந்தியும் சேர்ந்தே அதை மறுக்க வேண்டும்.