கூடவே காணுதல்

“நான் என்னா பாவம் பண்ணேன் டீச்சர்?”

முண்டியம்பாக்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறை. ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளோடு அங்கே வேலை செய்கிறேன். மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் டாக்டரைப் பார்த்துவிட்டுச் சீட்டும் கையுமாக வருகிற தாய்மார்கள் முதல் நாளே இதைக் கேட்டுவிடுகிறார்கள். மாமியார் கேட்டது, தெரு கேட்டது, மேல்மலையனூர் அமாவாசைக் கூட்டத்தில் நின்று தனக்குள்ளே கேட்டுக்கொண்டது எல்லாம் திரண்டு என்னிடம் வருகிறது.

பட்டம் முடித்தபின் முட்டுக்காட்டில் ஆரம்பநிலை இடையீட்டுக்கான முதுநிலைப் பட்டயம் படித்தேன். பல்வகை ஊனமுற்றோருக்காக மத்திய அரசு 2005இல் தொடங்கிய தேசிய நிறுவனம் அது. இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு செய்யாமல் இந்த வேலையைச் செய்யக் கூடாது என்பது 1992ஆம் ஆண்டுச் சட்டம். என் பதிவுச் சான்றிதழ் அறைச் சுவரில் மாட்டியிருக்கிறது. தலை எப்போது நிற்க வேண்டும், மூளை வாதம் வந்த பிள்ளையை இடுப்பில் எப்படி உட்காரவைக்க வேண்டும், விழுங்கத் தெரியாத பிள்ளைக்குக் கஞ்சியை எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் படிப்பில் உண்டு. பாவத்தைப் பற்றிய கேள்விக்கு எந்தப் பாடத்திட்டமும் பதில் வைத்திருக்க முடியாது.

முதல் சில வருடங்கள் காரணம் சொன்னேன். குறைமாதம், பிறந்ததும் அழவில்லை, மூளைக்குக் காற்று போகவில்லை, உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. சொன்னது உண்மைதான். தாய்மார்களும் தலையாட்டுவார்கள். மறுவாரம் வந்து அதையே கேட்பார்கள். எப்படி வந்தது என்று அவர்கள் கேட்கவே இல்லை. என் வயிற்றில் ஏன் என்றுதான் கேட்டார்கள்.

மூன்று வயதுப் பையன் ஒருவன் வந்தான். பேச்சில்லை, கூப்பிட்டால் திரும்பமாட்டான். சென்னை தி.நகரில் உள்ள மதுரம் நாராயணன் மையத்தின் ‘உபநயன்’ பட்டியலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டு வயது வரைக்கும் 250 திறன்கள், ஐந்து பிரிவுகளில் ஐம்பது ஐம்பதாக. பந்தைக் காட்டினேன், பார்க்கவில்லை. கிலுகிலுப்பையை ஆட்டினேன், பார்க்கவில்லை. ‘இல்லை’, ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டே போனேன். அரைமணி நேரம் கழித்துத்தான், பயிற்சிக் காலத்தில் ஒரு மூத்த ஆசிரியை அடிக்கடி சொன்னது நினைவுக்கு வந்தது: “பென்சிலைக் கீழே வை. அவன் எதைப் பார்க்கிறான்னு பாரு.”

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஜன்னல் கம்பிக்குள் நுழைந்த வெயில் சுவரில் கோடு கோடாக விழுந்திருந்தது. வெளியே வேப்பமரம் அசைந்தால் கோடுகளும் அசைந்தன. அத்தனை வருடமாக அந்த அறையில் இருக்கிறேன், நான் அதைப் பார்த்ததே இல்லை.

எங்கள் மாவட்டத்தில்தான் திருவெண்ணெய்நல்லூர் இருக்கிறது. சிவஞானபோதம் என்ற சைவ சித்தாந்த நூலைச் செய்த மெய்கண்டாரின் ஊர். அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். சகலாகம பண்டிதர் என்று பெயர் பெற்ற முதியவர், அந்தக் குடும்பத்துக்கே குலகுரு, அங்கே வந்து நின்று ஆணவத்தின் இயல்பு என்ன என்று கேட்டார். பிள்ளை ஒன்றும் சொல்லாமல் அவரை ஏற இறங்கப் பார்த்தது. தான் நிற்கும் நிலையே ஆணவம் என்று பெரியவருக்கு விளங்கிவிட்டது, காலில் விழுந்தார். பின்னாளில் சிவஞான சித்தியார் பாடிய அருணந்தி சிவாச்சாரியார் அவர்தான்.

சின்ன வயதில் இந்தக் கதையைக் கேட்டபோது அந்தப் பிள்ளையின் பெருமைதான் எனக்குத் தெரிந்தது. இப்போது நின்றுகொண்டிருந்த பெரியவரைத்தான் நினைக்கிறேன். ஆணவம் அறிவை மறைக்கும் இருள் என்கிறது சித்தாந்தம். பேசாத பிள்ளையைப் பார்த்து, அதன் அறிவை இருள் மூடியிருக்கிறது என்று சொல்லிவிடுவது சுலபம். அப்படிச் சொல்வது கொடுமை என்று நினைக்கிறேன். அன்று அந்த அறையில் மறைப்பு இருந்தது பட்டியலைப் பிடித்திருந்த என் கண்ணில்.

சிவஞானபோதத்தின் 11ஆம் நூற்பாவுக்கு உரை சொல்கிறவர்கள் இரண்டு உதவிகளைப் பிரித்துக் காட்டுவார்கள்: காட்டும் உபகாரம், காணும் உபகாரம். கண் தானாகப் பார்த்துவிடாது. உயிர் கண்ணுக்குக் காட்டி, கண்ணோடு தானும் கூடக் காண்கிறது. இறைவன் உயிருக்குச் செய்வதும் அதுவே என்பார்கள். காட்டினால் போதாதா, கூடவே ஏன் காண வேண்டும்? இந்தக் கேள்வியை எனக்குத் திறந்துவைத்தவன் அந்தப் பையன்தான். நான் காட்டிக்கொண்டே இருந்தேன். அவனோடு சேர்ந்து எதையும் காணவில்லை.

இப்படிக் கூடக் காண்பதைப் பற்றி 1975இல் ஸ்கேஃப், புரூனர் என்ற இருவர் ‘நேச்சர்’ இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார்கள். பெரியவர் பார்வையைத் திருப்பினால், கைக்குழந்தையும் அந்தப் பக்கம் திரும்புகிறது என்று. கூட்டுக் கவனம் என்று அதைப் படித்தோம். பேச்சு முளைப்பது அந்த மண்ணில்தான். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அது தாமதமாக வரும், அல்லது வேறு விதமாக வரும். பிள்ளை நம் பக்கம் திரும்பாவிட்டால், நாம் பிள்ளையின் பக்கம் திரும்பலாம்.

அந்தப் பாவக் கேள்விக்குப் பதிலாக, வினை இல்லை என்று நான் எந்தத் தாயிடமும் சொல்வதில்லை. அவள் நம்பிக்கையைப் பிடுங்கிக்கொண்டு வெறுங்கையோடு அனுப்ப எனக்கு மனம் வராது. எனக்கே அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் யார் வினை, எது, எவ்வளவு என்று இன்னொருவர் கணக்கைப் படிக்கும் உரிமையை எந்தச் சாத்திரமும் மாமியாருக்கோ தெருவுக்கோ கொடுக்கவில்லை. எனக்கும் கொடுக்கவில்லை. இதை மட்டும் சொல்வேன். பிறகு அவளைப் பிள்ளையின் பக்கத்தில், அவன் பார்க்கும் திசையில் உட்காரவைப்பேன்.

அந்தப் பையனின் அம்மா பதினொரு நாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். வெயில் வராத நாளிலும் உட்கார்ந்தாள். பன்னிரண்டாம் நாள் கோடுகள் அசைந்தபோது, அவன் சுவரைப் பார்த்தான், திரும்பி அவள் முகத்தைப் பார்த்தான், மறுபடி சுவரைப் பார்த்தான். கண்மூடித் திறக்கும் நேரம்தான். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஒன்றும் கேட்கவுமில்லை. வெளியே ரயில் ஒன்று நிற்காமல் இரைந்துகொண்டு போனது. பையன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டான். அவளும் பொத்திக்கொண்டாள்.