அழகும் ஆள்மாறாட்டமும்

மட்டக்களப்பு நாட்டின் கூத்துக் களரியைக் கண்டவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வடமோடியாயினும் தென்மோடியாயினும் மரபுப்படி அரசியும் தோழியும் ஆண்களே. பகலில் கடலுக்கும் வயலுக்கும் போகிறவன் இரவில் பொன்னுருவியாகச் சேலை உடுத்து, முகத்தில் ஒப்பனை பூசி, மத்தளத்தின் தாளத்துக்கு மிதித்தாடி வருகிறான். அவன் உடல்வாகையும் குரலையும் பார்த்தே அண்ணாவியார் அந்தப் பாத்திரத்தை அவனுக்குக் கொடுத்திருப்பார். ஊர் விடியவிடிய விழித்திருந்து பார்க்கிறது. 'பெண்ணேதான்' என்று மெச்சுகிறது. அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்துச் சட்டமிட்டு வீட்டுச் சுவரில் மாட்டினாலும் யாரும் முகஞ்சுழிப்பதில்லை.

களரி கலைந்த பின்னர், அதே சேலையைத் தனக்காகவே ஒருவர் உடுத்திக்கொண்டால்? உடுத்தி, வெளிச்சம் விழும் பக்கமாக முகத்தைத் திருப்பி, தாம் அழகியாகத் தோன்றும் வண்ணம் ஒரு படம் எடுத்துக்கொண்டால்? பனிச்சங்கேணிக் களப்புக்கு அப்பால் உள்ள வாகரை போன்ற ஒரு சிற்றூரில் அவருக்கு என்ன நேரும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம். இரவு முழுதும் கைதட்டிய ஊர் விடிந்ததும் கல்லெடுக்கிறது. உடல் ஒன்று, உடை ஒன்று. எது மாறியது? முன்னதை ஊர் கேட்டது; பின்னதை அவர் தாமே விரும்பினார். குற்றமாகக் கொள்ளப்படுவது உடையன்று, விருப்பமே என்பது நம் துணிபு.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. சில வேளைகளில் மட்டும் பெண்ணுடை அணிந்து மகிழ்கிறவரும், பெண்ணாகவே வாழ்கின்ற திருநங்கையும் ஒருவரல்லர். முன்னவர் காலையில் தம் சட்டைக்குத் திரும்பிவிடலாம். பின்னவருக்குத் திரும்பிச் செல்ல வேறோர் இடம் இல்லை. எனினும் அந்தப் படத்தைக் கண்டதும் உலகம் இருவர் மீதும் சுமத்தும் பழி ஒன்றே: 'இது பொய்.'

பொய்தானா? ஒளிப்படக் கலையின் வரலாற்றையே சற்றுப் பார்ப்போம். பாரிசில் 1839இல் தாகேரின் கண்டுபிடிப்பு உலகறிய வந்தது. தம் கண்டுபிடிப்பு புறக்கணிக்கப்பட்டதென மனங்கசந்த பயார் என்னும் பிரெஞ்சுக்காரர், மறு ஆண்டிலேயே, நீரில் மூழ்கி இறந்த பிணமாகத் தம்மைக் காட்டி ஒரு படம் எடுத்தார். அவர் அதன் பின்னரும் நெடுங்காலம் உயிரோடிருந்தார். கருவி பிறந்த உடனேயே பாவனையும் பிறந்துவிட்டது. அன்று முதல் இன்றுவரை படப்பிடிப்பு நிலையத்துக்குப் போகிற எவர்தாம் உள்ளது உள்ளபடி போகிறார்? பின்னால் தீட்டிய திரையில் மாளிகையும் நந்தவனமும். முன்னால் இரவல் கடிகாரமும் இரவல் மேலங்கியும். மணப்பெண்ணின் முகத்து வடுவைப் படக்காரர் தூரிகையால் அழித்துத் தருகிறார். அதற்குக் கூலியும் கொடுக்கிறோம். ஏழை தன்னைச் செல்வனாகவும், கறுத்தவர் தம்மைச் சிவந்தவராகவும் படத்தில் காண விழைவதை நாம் வழக்கம் என்கிறோம். ஆணென்று பதியப்பட்ட ஒருவர் தம்மைப் பெண்ணாகக் காண விழைந்தால் மட்டும் மோசடி என்கிறோம்.

மெய்ப்படம் என்று நாம் போற்றுவது எதை? தேசிய அடையாள அட்டையில் உள்ளதை அன்றோ? ஆட்பதிவுச் சட்டம் 1968இல் வந்தது. இலங்கையின் அடையாள அட்டை இலக்கத்திலேயே ஆண் பெண் பேதம் புதைந்திருக்கிறது என்பதைப் பலர் கவனித்திருக்க மாட்டார்கள். பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாளோ அந்த எண் அதில் வரும். பெண்ணாயின் அதனுடன் 500 கூட்டப்படும். ஜனவரி முதல் நாள் பிறந்த ஆண் 001, பெண் 501. ஒரு மனிதரின் வாழ்வை அரசு இந்த ஐந்நூற்றால் அளக்கிறது.

போர்க்காலத்தில் இந்த அட்டையின் பொருள் என்னவென்று கிழக்கு மாகாணத்தாருக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வாகரை 2004 டிசம்பர் 26இல் கடலால் அழிந்தது. 2006 நவம்பரில், அகதிகள் தஞ்சம் புகுந்திருந்த கதிரவெளிப் பாடசாலையில் எறிகணைகள் வீழ்ந்தன. அதன் பின்னர் மக்கள் ஊரைவிட்டுக் கூட்டங்கூட்டமாகப் பெயர்ந்தனர். அந்நாட்களில் சோதனைச் சாவடியில் அட்டையிலுள்ள முகமும் ஆளின் முகமும் ஒத்திருக்க வேண்டும். ஒவ்வாவிடின் உயிருக்கே இடர். அந்த வரிசையில் நிற்கும் ஒரு திருநங்கையை எண்ணிப் பாருங்கள். அவருடைய அட்டையில் இருப்பது அவர் வாழாத ஒரு வாழ்வின் முகம். சேலையுடுத்து, பொட்டிட்டு, யாரும் காணாமல் எடுத்து மறைத்து வைத்த படமே அவரைப் போன்றிருக்கும். முத்திரை பெற்றது பொய்யாகவும் மறைத்து வைத்தது மெய்யாகவும் இருக்கும்போது, ஆள்மாறாட்டம் செய்தவர் யார்?

ஆள்மாறாட்டம் என்ற சொல்லை நாம் உவமைக்காகச் சொல்லவில்லை. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 399ஆம் பிரிவு அதனைப் பற்றியதே. வேறொருவராக நடித்து ஏமாற்றுவோரைப் பிடிக்க எழுதப்பட்ட அப்பிரிவு, திருநங்கையரை அச்சுறுத்தவும் தடுத்து வைக்கவும் பயன்பட்டு வந்திருக்கிறது. யாருடைய பணம் பறிபோயிற்று, எவருடைய பெயர் திருடப்பட்டது என்று கேட்டால் விடையில்லை. இந்தியாவில் வெள்ளையராட்சி 1871இல் இயற்றிய குற்றப்பரம்பரைச் சட்டம் இன்னும் வெளிப்படையானது. அதன்படி பதியப்பட்ட அரவாணியர் பெண்ணுடையும் அணியும் பூண்டு, பிறர் காணும் நோக்குடன் பொது இடத்தில் தோன்றினால் சிறை. உடுத்தியதோடு, காணப்பட விரும்பியதும் அங்கே குற்றத்தின் கூறாயிற்று. ஒளிப்படம் வேறென்ன? காணப்பட வேண்டும் என்ற விருப்பமே அல்லவா?

மேடையில் நின்றால் அதே விருப்பத்துக்கு மாலை விழுகிறது. மராட்டிய நாடக மேடையில் பெண் வேடமிட்ட பால கந்தர்வர் சேலை கட்டிய விதத்தைக் குடும்பப் பெண்களே பார்த்துப் பின்பற்றினர். இந்திய அரசு அவருக்கு 1964இல் பத்மபூஷண் வழங்கியது. தமிழகத்தில் டி. கே. சண்முகத்துக்கு அவர் நடித்த ஔவையின் பெயரே அடைமொழியாக நிலைத்தது. இவர்களைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. கலை என்றால் கைகூப்புகிறவர்கள் வாழ்வு என்றால் ஏன் கைத்தடியை எடுக்கிறார்கள் என்பதே கேள்வி.

முற்போக்கு அணியிலேயே இருவகை மறுப்புகள் எழக்கூடும். முதலாவது: கடலும் போரும் அழித்த மண்ணில், வீடும் படகும் இல்லாதார் நடுவில், ஒருவரின் அழகிய படத்துக்கு இத்தனை தாளா? இதற்கு நாம் நீண்ட விடை சொல்லப் போவதில்லை. வயிறு நிறைந்த பின்னரே மனிதனுக்கு அழகு என்று எண்ணுகிறவர், உழைப்பாளியைப் பாதி மனிதனாகவே எண்ணுகிறார்.

இரண்டாவது மறுப்பு வலியது. பெண்ணை நகைமாட்டும் பொம்மையாக்கிய அச்சை உடைக்க ஒரு நூற்றாண்டாகப் போராடுகிறோம். சாய்த்த தலை, தாழ்த்திய கண், உதட்டுச் சாயம் என்று இவர்கள் அதே அச்சில் அல்லவா தம்மை வார்த்துக்கொள்கிறார்கள்? உண்மைதான், பல படங்கள் சினிமா நடிகையின் நிழலாகவே இருக்கின்றன. ஆனால் அந்த அச்சைச் செய்தவர்கள் அவர்களல்லர். நாட்காட்டியும் விளம்பரமும் செய்தவை. பெண்ணாகப் பிறந்தவள் அணிகளை மறுத்தாலும் பெண்ணென்பதை யாரும் ஐயுறார். திருநங்கைக்கோ வளையலைக் கழற்றிய கணமே 'நீ ஆண்' என்ற தீர்ப்பு காத்திருக்கிறது. அணியைத் துறக்கும் உரிமையும் ஒரு சொத்துத்தான். அது அவரிடம் இல்லை. அதனை அவருக்கு முதலில் கொடுத்துவிட்டுப் பின்னர் விவாதத்துக்கு அழைப்பதே முறை.

இன்னொன்றும் உண்டு. திருநங்கையின் படம் நாட்டில் இல்லாமலில்லை. தமிழ்நாட்டில் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு ஆண்டுதோறும் படக்கருவிகள் படையெடுக்கின்றன. தாலியறுத்து அழும் முகம் பத்திரிகைக்கு வேண்டும். பொலிசாருக்கு ஒரு படம், மருத்துவ நூலுக்கு ஒரு படம். எப்படி நிற்பது என்று அவரையே கேட்டு எடுத்த படந்தான் அரிது. அந்த அரிய படமே பிறர் கையில் சிக்கினால் மிரட்டலுக்கு ஆயுதமாகிறது. ஆகவே கைத்தொலைபேசியில் எடுத்து, ஒரு நண்பருக்குக் காட்டி, ஊர் திரும்புமுன் அழித்துவிடுகிறவரும் உண்டு.

2016இல் இலங்கைச் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கையின் வழி, மருத்துவச் சான்று பெற்றவர் பாலின அங்கீகாரச் சான்றிதழைப் பெற்றுப் பிறப்புப் பதிவில் திருத்தம் கோரலாம். கொழும்பில் இருப்பவருக்கே அந்த வழி நெடியது. வாகரையிலிருந்து மருத்துவரைத் தேடிச் செல்லப் பேருந்துச் செலவும் நாட்கூலி இழப்பும் சேரும். அத்தனையும் கடந்து புதிய அட்டைக்குப் படமெடுக்க வருகிறவரைப் படக்காரர் வெறும் திரைக்கு முன் நேராக அமர்த்துவார். தலையைச் சாய்க்கக் கூடாது, சிரிக்கக் கூடாது என்பார். அழகாகத் தோன்ற அங்கே இடமில்லை. ஆனாலும் முதல்நாள் இரவே அவர் கண்ணாடி முன் அமர்ந்து தலைமுடியை வாரிவாரிப் பார்த்திருப்பாராயின், அதனை வீண் அலங்காரம் என்று சொல்ல நம்முள் யாருக்கு மனம் வரும்?