பழுதும் சான்றும்

பழைய படைக்கலங்களைச் சேகரிப்போர் ஒரு துப்பாக்கியைக் கையிலெடுத்ததும் முதலில் எழுப்பும் வினா, அதன் ‘நிலை’ எத்தகையது என்பதாகும். குழலினுள் துரு ஏறியுள்ளதா, மரப்பகுதி வெடித்துள்ளதா, உறுப்புகளிற் பொறித்த இலக்கங்கள் தம்முள் ஒத்துள்ளனவா என அவர்கள் நோக்குவர். இவை கண்ணாலும் விரலாலும் விடை காணத்தக்கவை. யப்பானிய அரிசாக்கா துப்பாக்கிகளைப் பொறுத்தவரை, இவ்வாறு தீர்க்கவியலாத வினா ஒன்றும் எழுகின்றது.

ஒவ்வொரு வேட்டுக்கும் தாழ்ப்பாளைக் கையால் இழுத்துத் தள்ளிச் சுடும் வகையின இத்துப்பாக்கிகள். மெய்ஜிப் பேரரசரின் 38ஆம் ஆட்சியாண்டாகிய 1905இல் ஏற்கப்பட்டது 6.5 மில்லிமீற்றர்க் குழலுடைய 38ஆம் வகை. யப்பானியப் பேரரசின் ஆண்டுக் கணக்கில் 2599 ஆகிய 1939இன் பெயரால் வந்தது 7.7 மில்லிமீற்றர்க் குழலுடைய 99ஆம் வகை. இவற்றின் தோட்டா அறையின் மேற்புறத்திலே 16 இதழ்களைக் கொண்ட செவ்வந்தி மலர் ஒன்று பொறிக்கப்பட்டிருந்தது. அது பேரரசரின் இலச்சினை. படைவீரன் ஏந்திய கருவி அவனுடையதன்று, பேரரசருடையது என்பதன் அடையாளம். 1945 ஓகஸ்டில் யப்பான் பணிந்தபின் கையளிக்கப்பட்ட துப்பாக்கிகள் பலவற்றில் இம்மலர் தேய்த்து அழிக்கப்பட்டது. அதற்கு முன்னர் போர்க்களத்திலே கைப்பற்றப்பட்டவற்றிலோ அது பெரும்பாலும் சிதையாதிருக்கின்றது.

சேகரிப்போர் மலர் சிதையாத துப்பாக்கிக்கே கூடிய விலை கொடுப்பர். மலர் அழிந்ததைக் குறையுடையதென்பர். முழுமையை நாடுதல் அவர்க்கு இயல்பு. ஆயின் அம்மதிப்பீட்டினுள் அடங்கிக் கிடப்பது யாது? பசிபிக் தீவுகளிலே கைப்பற்றப்பட்ட துப்பாக்கி, பெரும்பாலும் இறந்தவன் ஒருவனிடமிருந்து எடுக்கப்பட்டது. 1943 நவம்பரில் தராவாவிற் காவலிருந்த ஏறத்தாழ 2,600 யப்பானியப் போர்வீரருள் உயிருடன் பிடிபட்டோர் 17 பேரே. மலர் தேய்க்கப்பட்ட துப்பாக்கியை ஏந்தியவனோ, அதனைக் கீழே வைத்துவிட்டு வீடு திரும்பியிருக்கக்கூடும். (எவரும் ஏந்தாது களஞ்சியத்தில் கிடந்தவையும் கையளிக்கப்பட்டவற்றுள் உண்டு, அவற்றை இங்கு விட்டுவிடலாம்.) ஆகவே ‘நல்ல நிலை’ எனும் தரம் பலவேளை ஒரு சாவையும், ‘பழுது’ எனும் தரம் ஓர் உயிர் தப்பியமையையும் சார்ந்து நிற்கின்றது. விலை பேசுவோர் இதனைப் பேசுவதில்லை.

பொருளின் நிலை பொருளைப் பற்றியதே, ஏந்தியவனின் விதியோடு அதற்கு யாது தொடர்பு எனக் கேட்கப்படலாம். இது எளிதில் ஒதுக்கத்தக்க தடையன்று. இரும்பின் நிலையை இரும்பிலேதான் காணவேண்டும். எனினும் சேகரிப்போர் தாமே இக்கொள்கையை முற்றாகக் கைக்கொள்வதில்லை. 99ஆம் வகையின் தொடக்ககாலத் துப்பாக்கிகளின் குழலுக்குக் குரோமிய உட்பூச்சு இருந்தது. தூரத்துக்கேற்ப உயர்த்தித் தாழ்த்தும் குறிகாட்டி இருந்தது. தோளில் அணையும் அடிப்புறத்திலே உலோகத் தகடு இருந்தது. போரின் இறுதிக் காலத்தில் உட்பூச்சு கைவிடப்பட்டது, குறிகாட்டி அசையாததாயிற்று, உலோகத் தகட்டின் இடத்தை மரம் பிடித்தது. அரத்தின் சுவடுகள் கூட மெருகிடப்படாமல் எஞ்சின. அத்தகையதொன்றை இன்று ஒருவர் தேய்த்துப் பளபளப்பாக்குவாராயின், அதனை எவரும் சீர்செய்தல் என்னார்; கெடுத்தல் என்றே கூறுவர். அதன் கரடுமுரடு குறையன்று, மூலப்பொருளும் காலமும் அற்றுப்போன ஒரு நாட்டின் சான்று என்பதை அவர்கள் நன்கறிவர். படைக்கலச்சாலையின் அரச்சுவட்டை வரலாறென ஏற்பவர், தோல்வியின் அரச்சுவட்டை மட்டும் ஊனமெனல் எங்ஙனம் பொருந்தும்? இரண்டும் ஒரே இரும்பின்மீது ஒரே போர் இட்ட சுவடுகள்.

அழிந்த மலரை மீண்டும் பொறித்து விற்போரும் உளர். மறைத்து விற்றால் அது வெறும் மோசடி. அதிலே மெய்யியற் சிக்கல் ஏதுமில்லை. சிக்கலானது நேர்மையாளரின் செயலே. மலர் புதியது என வாங்குவோனிடம் ஒளியாது கூறிவிட்டே ஒருவர் விற்கின்றார் எனக் கொள்ளின், அவன் ஏமாற்றப்பட்டவன் ஆகான். ஆயினும் அவ்வுரை துப்பாக்கியோடு செல்வதில்லை, மலர் செல்கின்றது. அவனுக்குப் பின்னர் அதனைப் பெறுவோன், 1945இலே ஒருவன் கீழே வைத்த துப்பாக்கியை, களத்திலே ஒருவன் கையிலிருந்து வீழ்ந்ததாகவே எண்ணிப் போற்றுவான்.